இளைப்பாறு லாட்ஜில் ரூம் காலியில்லை

கோட்டூரணி என்று ஒரு ஊர். பஸ் அங்கே நிற்கும். ஏன் நிற்கிறது என்று டிரைவருக்கும் தெரியாது, இறங்குகிறவருக்கும் தெரியாது. அப்படித் தெரியாமல் இறங்கியவர்கள் தங்கிப்போகட்டுமே என்று சிகப்பி ஆச்சி அங்கே ஒரு லாட்ஜ் கட்டிவைத்தார். இளைப்பாறு லாட்ஜ். மாடியில் நாலு அறை, கீழே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மேனேஜர் வைரவன்.

வைரவன் தங்கமான மனிதர். அறிவு எப்படி என்று யாரும் கேட்கவேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். "கடவுள் எனக்கு மீசையை நல்லா வச்சாரு. அதுலயே அவருக்குக் கை ஓஞ்சு போச்சு."

அவருக்குக் கீழே மூன்று பேர். ரூம் பாய் குப்பாண்டிக்கு ஐம்பத்திரண்டு வயது. வாட்ச்மேன் சன்னாசி, உள்ளே வருகிறவனைத் தடுப்பதா வெளியே போகிறவனைத் தடுப்பதா என்று பதினொரு வருஷமாக யோசித்துக்கொண்டிருப்பவர். சமையலும் கூட்டிப் பெருக்குவதும் மாயக்கா. நாலு பேரில் அவள்தான் கெட்டிக்காரி. மற்ற மூவருக்கும் ஒரே மாதிரி புரியாத விஷயம், அவளுக்கு மட்டும் வேறு மாதிரி புரியாது.

ஆடி பிறந்ததும் ஆச்சி வந்தார். தங்கியவர்கள் பெயரெழுதும் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பெருமூச்சு விட்டார்.

"ஏப்பா வைரவா, பதினொரு வருஷ நோட்டுல ஒரு பேருகூட ரெண்டு தடவை இல்லையேப்பா. ஒருக்கா வந்தவன் மறுக்கா எட்டிப் பாக்கலையே. இந்த ஆடி முடியறதுக்குள்ள ஒரே ஒரு ஆளாவது திரும்ப வந்து இந்த நோட்டுல கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பூட்டிட்டு, சாவியக் கொண்டாந்து குடுத்துட்டு, அவுகவுக வேலையப் பாத்துக்கங்க."

அவரவர் வேலை என்றால், இதுதானே வைரவன் வேலை? இதை விட்டால் தன்னை எவன் சேர்த்துக்கொள்வான் என்று யோசித்துப் பார்த்தார். தானே ஒரு கடை வைத்திருந்தாலும் தன்னை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று தோன்றியது. தோன்றியது நியாயம்தான் என்றும் பட்டது.

அந்த ஆடியில் வந்து தங்கியது ஒரே ஒருவர். ஞானதுரை என்று பெயர். அரவை மில்லுக்கு பெல்ட் விற்கிற கம்பெனியில் வேலை. நெடுநெடுவென்று உயரம். காலி செய்துகொண்டு கிளம்பும்போது வைரவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சார், மறுபடி வருவீகளா?"

"வராம? அடுத்த வெள்ளிக்கிழமை மில்லுல வேலை இருக்கு. இந்த ஊர்ல வேற லாட்ஜும் இல்லை. என் தலையெழுத்து," என்றார் ஞானதுரை. "ஆனா ஒண்ணு சொல்றேன் மேனேஜர். நாலு பஸ் மாறி, அலுத்துச் சலிச்சு வந்து, நீங்களே இந்த ரூம்ல ஒரு நாள் தங்கிப் பாருங்க. வர்றவனுக்கு என்னென்ன வேணும்னு அப்பத் தெரியும்."

வைரவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினொரு வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாருமே வழி சொன்னதில்லை. உடனே கூட்டம் போட்டார்.

"அதுக்கென்ன, இப்பவே மேல போய்ப் படுத்துருவோம்," என்றார் குப்பாண்டி.

"அலுத்துச் சலிச்சில்ல வரச் சொன்னாரு? நமக்கு ஏது அலுப்பு? வேலை பாத்தவனுக்குத்தானே அலுக்கும்?" என்றாள் மாயக்கா.

"நாலு பஸ்ஸுன்னாரு. நாம நாலு பேரு. ஆளுக்கொரு பஸ்ஸு ஏறினா நாலாச்சு," என்றார் சன்னாசி.

"அப்படிப் பாத்தா ஆளுக்குக் கால் அலுப்புத்தான் வரும்," என்று வைரவன் கணக்கைத் திருத்தினார். "எல்லாரும் நாலும் ஏறுவோம்."

திங்கட்கிழமை விடிந்ததும் லாட்ஜைப் பூட்டிக்கொண்டு நாலு பேரும் கிளம்பினார்கள். பயணக்காரன் பை கனமாக இருக்கவேண்டும் என்று குப்பாண்டி தன் பையில் அம்மிக்கல்லைப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் அலுப்பு வராது என்று வைரவன் யாரையும் உட்கார விடவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

நாலு பஸ் மாறி, பொழுது சாயும் நேரத்துக்குக் கோட்டூரணியில் இறங்கினார்கள். எலும்பெல்லாம் கழன்றிருந்தது. லாட்ஜுக்கு வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது.

தட்டினார்கள். திறக்க ஆளில்லை.

"மனுசன் செத்துச் சுண்ணாம்பா வந்து நிக்கிறான், ஒரு நாதி இல்லையே!" வைரவனுக்குக் கோபம் தலைக்கேறியது. "யாருய்யா இந்த லாட்ஜுக்கு மேனேஜரு?"

"வாட்ச்மேனையும் காணோம்ணே," என்றார் சன்னாசி. "எங்க போயித் தொலைஞ்சானோ."

"மாயக்கா, எழுதிக்க. மொதக் குறை, வந்தா வாங்கன்னு சொல்ல ஆளில்லை. மேனேஜரு பொறுப்பத்த பய. அடியில கோடு போடு."

ஒரு மணி நேரம் படியிலேயே உட்கார்ந்து மேனேஜரைத் திட்டினார்கள். மற்றவர்கள் களைத்து நிறுத்திய பிறகும் வைரவன் மட்டும் விடவில்லை. அந்த மேனேஜரைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. கடைசியில் இடுப்பில் ஏதோ குத்துகிறதே என்று தடவிப் பார்த்தார். சாவி.

திறந்துகொண்டு உள்ளே ஓடி, மேஜைக்குப் பின்னால் நின்று, "வாங்க வாங்க, காக்க வச்சதுக்கு மன்னிக்கணும்," என்றார். முன்பக்கம் சுற்றி வந்து, "பரவால்ல, இனிமே இப்படி நடக்கக் கூடாது," என்றார். நோட்டில் நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாலு சாவியையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் குறைகள் மளமளவென்று வந்து விழுந்தன.

வைரவன் ஒன்றாம் நம்பரில் படுத்திருந்தார். பிளக் பாயின்ட் ஆளுயரத்துக்கு மேலே, வென்டிலேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. படுத்துக்கொண்டே சார்ஜ் போட்டுப் பேச வழியில்லை. கீழே வந்து மேனேஜராக உட்கார்ந்து யோசித்தார். சுவரில் இருக்கிற பிளக் நகராது. ஆனால் கட்டிலுக்குக் கால் இருக்கிறதே! நாலு தார் டிரம்மை வாங்கி, கட்டிலை அதன்மேல் தூக்கி வைத்து, ஏணி சாத்தினார்கள். ஏறிப் படுத்தால் மூக்குக்கு நேரே ஃபேன் சுற்றியது. ஃபேனைக் கழற்றினார்கள். வென்டிலேட்டர் வழியாகக் காற்று வந்தது, கீழே வாசலும் பஸ் ஸ்டாப்பும்கூடத் தெரிந்தது.

இரண்டாம் நம்பர் குப்பாண்டிக்கு, சுவரில் முகம் பார்க்கிற கண்ணாடி மாட்டியிருந்த உயரம் சரியில்லை. வரப்போகிற ஞானதுரை சாருக்குத் தோதாக மாட்டலாம் என்றால், அவர் என்ன உயரம் என்று யாருக்கும் அளவு தெரியவில்லை. "நிலையில மண்டைய இடிச்சுக்கிட்டாருல்ல? அந்த உயரந்தான்," என்றாள் மாயக்கா. கண்ணாடியை நிலைக்கு மேலே மாட்டினார்கள். குப்பாண்டிக்கு எதிர்ச் சுவரில் ஓடிய பல்லி தெரிந்தது. "எனக்கு எம்மூஞ்சி தெரியலையே," என்றார். "அது உனக்கு நல்லதுதான்," என்று சொல்லி ஒரு முக்காலி போட்டார்கள்.

மூன்றாம் நம்பரில் மாயக்கா குளிக்கச் சுடுதண்ணீர் கேட்டாள். கேட்டவளே அடுப்பும் மூட்டினாள். வெள்ளிக்கிழமை ஞானதுரை வரும்போது அவசரப்படக் கூடாது என்று அவருக்கும் சேர்த்துச் செவ்வாய்க்கிழமையே காய்ச்சி, பானையில் ஊற்றி, மூடி, 'வெள்ளி' என்று சுண்ணாம்பால் எழுதி வைத்தாள்.

நாலாம் நம்பர் சன்னாசிக்கு, பஸ் பிடிக்கிற ஆளை அஞ்சு மணிக்கு எழுப்பிவிட ஒருவர் வேண்டும் என்று பட்டது. அது வாட்ச்மேன் பொறுப்பு. அதனால் தன்னை எழுப்புவதற்காக ராத்திரி முழுக்க விழித்திருந்து, சரியாக அஞ்சு மணிக்கு எழுப்பினார். ஏற்கனவே விழித்திருந்ததால் எழுவது அவருக்குச் சிரமமாக இல்லை. ரொம்பத் திருப்தி என்று எழுதிக் கொடுத்தார்.

இப்படி வியாழக்கிழமைக்குள் எல்லா வசதியும் வந்துவிட்டது. வசதி வந்த பிறகு எவன் காலி செய்வான்?

வெள்ளிக்கிழமை நண்பகல் பஸ்ஸில் ஞானதுரை இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெல்ட் கட்டு. வைரவன் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார். நோட்டை நீட்டினார். ஞானதுரை கையெழுத்துப் போட்டார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பெயர் இரண்டாம் முறை! வைரவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவிப் பலகைப் பக்கம் திரும்பினார். நாலு ஆணி இருந்தது. சாவி ஒன்றுகூட இல்லை.

"சார்... ரூம் காலியில்லை."

"இந்த லாட்ஜுலயா?" ஞானதுரை ஒரு தடவை வெளியே போய் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார். "யாரையாச்சும் காலி பண்ணச் சொல்லுங்கய்யா."

வைரவன் மாடிக்குப் போனார். நாலாம் நம்பரைத் தட்டினார். "நான் கஸ்டமரு. மரியாதையாப் பேசுங்க," என்றார் சன்னாசி. மூன்றாம் நம்பரில் மாயக்கா தலைக்குக் குளித்துவிட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தாள். குப்பாண்டி முக்காலியை விட்டு இறங்க மறுத்தார். கடைசியாக ஒன்றாம் நம்பரைத் தட்டினார் வைரவன். பதிலே இல்லை. மரியாதையாக இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுக் கீழே வந்தார்.

"ஒண்ணாம் நம்பர்ல ஆளு வெளிய போயிருக்காரு போல, சார். சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

"யாரு அந்த ஆளு?"

வைரவன் நோட்டைப் பார்த்தார். "வைரவன்னு ஒருத்தரு. உள்ளூர்தான்."

"வைரவன் நீருதானய்யா?"

"ஆமா சார். ஆனா நான் இப்ப டூட்டியில இருக்கேன்ல? டூட்டி முடிஞ்சாத்தான் அவரு வருவாரு."

"டூட்டி எப்ப முடியும்?"

"அடுத்த மேனேஜர் வந்து ஒக்காந்ததும்."

"அவரு எப்ப வருவாரு?"

"பதினொரு வருஷமா வரலை சார்."

ஞானதுரை அப்படியே பெல்ட் கட்டின்மேல் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். 'வெள்ளி' என்று எழுதிய பானையைத் திறந்து இரண்டு டம்ளர் கொடுத்தார்கள். கோட்டூரணித் தண்ணீர் கொஞ்சம் ஒரு மாதிரி. குடித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"நான் ஒக்காருறேன். நீர் டூட்டி முடிச்சுக்கிட்டு அந்த ஆளைக் காலி பண்ணச் சொல்லும்."

இவ்வளவு எளிதான வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று வைரவன் தலையில் அடித்துக்கொண்டார். நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மாடிக்குப் போனார். ஏணியில் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்ததும், பதினொரு வருஷ டூட்டி முடிந்த அலுப்பு மொத்தமும் ஒரேயடியாக வந்து சேர்ந்தது. இந்த நேரத்தில் ஒருத்தனைக் காலி செய்யச் சொல்ல அவருக்கே மனசு வரவில்லை. படுத்தார்.

மூன்று மணி வாக்கில் ஆச்சி வந்துவிட்டார். குரல் வென்டிலேட்டர் வழியாக மேலே கேட்டது. வைரவன் ஏணியில் இறங்கலாமா என்று பார்த்தார். இறங்கினால் டூட்டிக்குப் போகவேண்டும், டூட்டிக்குப் போனால் ஆச்சியிடம் பேசவேண்டும். பேசிய ஒவ்வொரு தடவையும் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். அசையாமல் கிடந்தார்.

"நீங்க யாருப்பா?"

"மேனேஜருங்க. ஞானதுரை."

ஆச்சி நோட்டைப் புரட்டும் சத்தம். "ஞானதுரை... ஞானதுரை! ரெண்டு தடவை இருக்கே! திரும்ப வந்துட்டீகளா?"

"வந்துட்டேங்க. ரூம்தான் இல்லை. நாலும் ஃபுல்லு."

ஆச்சி மூக்கை உறிஞ்சினார். "கட்டின நாள்லருந்து இந்த வார்த்தைய நான் கேட்டதில்லையேப்பா. இதென்ன, தங்கியிருக்கிறதெல்லாம் நம்மாளுக பேரா இருக்கு?"

"ஆமாங்க. காலி பண்ண மாட்டேங்கிறாங்க."

"பண்ணுவாகளா? வேலை பாக்குறவுகளே எந்திரிக்க மனசில்லாத அளவுக்கு வசதி பண்ணியிருக்காகளே!" ஆச்சியும் கோட்டூரணியில் பிறந்தவர்தானே. "யாரையும் எழுப்பாதீக. நல்லாத் தூங்கட்டும். லாட்ஜப் பூட்டுற பேச்சே இனிமே கிடையாது."

பூட்டமாட்டார்களாம்! வைரவன் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார். தன் பிழைப்புக்கு ஆபத்து வந்ததும் தன்னால்தான், அது நீங்கியதும் தான் எழுந்து போனதால்தான் என்று அவருக்கு நன்றாக விளங்கியது. அந்த ஞானதுரை வேலைக்காரர்! பதினொரு வருஷத்தில் தன்னால் முடியாததை நாற்காலி சூடாவதற்குள் முடித்துவிட்டாரே.

நாலரை மணி பஸ் வந்தது. வைரவன் ஒருக்களித்துப் படுத்து வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தார். ரெக்சின் பையோடு ஒருவர் இறங்கி, ஏன் இறங்கினோம் என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, லாட்ஜுக்குள் நுழைந்தார்.

"ரூம் இருக்குங்களா?"

"ரூம் ஃபுல்லு," என்றது ஞானதுரையின் குரல், கொஞ்சமும் பிசிறில்லாமல். "வாட்ச்மேன் காலியா இருக்கு. ரூம் பாய் ஒண்ணு இருக்கு. சமையல் தெரியுமா?"

"தெரியாதுங்களே."

"அப்ப வாட்ச்மேனே எடுத்துக்கங்க. வாசப் பக்கம், நல்லாக் காத்து வரும்."

"படுக்கிறதுக்கு?"

"ஸ்டூலு. சாஞ்சுக்கச் செவுரு இருக்கு."

வந்தவர் வெளியே வந்து ஸ்டூலைப் பார்த்தார். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். சுவரில் சாய்ந்து பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது போலிருக்கிறது. பையைக் கீழே வைத்தார்.

"சரி, ரெண்டு நாளைக்குப் போடுங்க."