பன்றி விரட்டிய ராஜாவின் நல்ல நோக்கம்

கேளுங்கள் மக்களே! மலையடிவார நாடு ஒன்றை அந்தக் காலத்தில் தருமசீலன் என்றொரு ராஜா ஆண்டான். நெஞ்சு அவ்வளவு சுத்தம். அடிக்கடி பயன்படுத்தாத பாத்திரம் சுத்தமாகத்தானே இருக்கும்!

அரண்மனைக் கரும்புத் தோட்டத்தில் காட்டுப் பன்றிகள் புகுந்தன. அவை பதுங்கும் மலைச்சரிவுக்குத் தீ வைக்கச் சொன்னான் ராஜா.

தேன் எடுக்கும் வஞ்சி ஓடிவந்தாள். "சாமி, எங்க குடிசைங்க அங்கேதான் இருக்கு. எங்கப்பாவுக்கு நடக்க முடியாது. ரெண்டு நாள் பொறுங்க, எல்லாரும் இறங்கிடுறோம்."

"குடிசை எரியும் என்று எனக்கும் தெரியும், பெண்ணே. ஆனால் என் நோக்கம் அதுவல்லவே! பன்றியை விரட்டுவதுதான் நோக்கம். இரண்டு நாள் பொறுத்தால் கரும்பு என்னாவது?"

"என்ன நியாயம்!" என்றார் மந்திரி. "என்ன தெளிவு!" என்றார் புரோகிதர். "என்ன கருணை!" என்றார் தளபதி, அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்.

தீ வைத்தார்கள். குடிசைகள் எரிந்தன. வஞ்சியின் தகப்பன் வெளியே வரவில்லை. பன்றிகள் மட்டும் சுற்றுவழியாக வந்து கரும்பைத் தின்றுவிட்டுப் போயின. ராஜா சவத்துக்குப் பட்டு அனுப்பினான். நோக்கம் நல்லதாக இருந்ததால் நன்றாகத் தூங்கினான்.

சில மாதம் கழித்து, சபை மண்டபத்து விதானத்தில் மலைத்தேனீ கூடு கட்டியது. அதை எடுக்கத் தெரிந்தவள் வஞ்சிதான். கூப்பிட்டார்கள். சபை கூடியிருந்த நேரத்தில் புகைப்பந்தத்தோடு வந்து நின்றாள்.

"சாமி, கூடு சிம்மாசனத்துக்கு நேர் மேலே இருக்கு. புகை போட்டா ஈ கீழே இறங்கும். கொட்டும். உசுரும் போகலாம். ஆனா என் நோக்கம் அது இல்லே, தேன்தான்."

மந்திரி ஓடினார். புரோகிதர் ஓடினார். தளபதிக்கு அன்று காது நன்றாகவே கேட்டது.

"பொறு, பொறு!" என்று அலறினான் ராஜா. "தெரிந்தே செய்வாயா? நான் வெளியே போகும்வரை பொறுக்கக் கூடாதா?"

வஞ்சி பந்தத்தைத் தாழ்த்தினாள். "போங்க சாமி. நான் பொறுப்பேன். எனக்கு அது பெரிய காரியம் இல்லே."

ராஜா எழுந்து நடந்தான். தன் காலால் நடந்து வெளியே போக முடிகிறதே என்ற நினைப்பு பாதி வழியில் வந்தது. நின்றுவிட்டான். வஞ்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தான்.

கேடு வரும் என்று தெரிந்தும், தடுக்க வழியிருந்தும் தடுக்காதவனை நல்ல நோக்கம் காப்பாற்றாது.