தையல் வெளியே தெரிந்த சட்டை

"இந்த ஆள் நடிக்கிறார் மேடம்" என்றார் குலசேகரன்.

காய்ச்சலும் சளியும் பார்த்தே தலை நரைத்த ஊர் டாக்டர் அவர். தீராத நரம்பு வலிக்கு வைத்தியம் கற்றுக்கொள்ள, தன்னைவிட வயதில் சின்னவரான டாக்டர் ரெஜினாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அக்கி வந்து ஆறி மாசக்கணக்காச்சு. ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. இடது நெஞ்சு வலிங்கிறார். கட்டைவிரலால நல்லா அழுத்திப் பார்த்தேன், முகம்கூடச் சுளிக்கல. அதுவும் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்திருக்கார். மனநல டாக்டர்கிட்ட அனுப்பிடலாம்."

"சட்டை இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

"நான் சொல்லித்தான் சரியாப் போடப் போயிருக்கார்."



இசக்கியப்பன் உள்ளே வந்தார். சட்டை நேராக இருந்தது. இடது கையை உடம்பில் ஒட்டாமல் விரித்துப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பின்னாலேயே மனைவி செண்பகம், இடுப்பில் பெண் குழந்தை.

"இவுக பிள்ளையத் தூக்குறதே இல்ல டாக்டரம்மா" என்று செண்பகம் முந்திக்கொண்டாள். "அது கைய நீட்டிக்கிட்டு ஓடும், இவுக எந்திரிச்சுப் போயிருவாக. பொட்டப்பிள்ளன்னு வெறுப்பாம், எங்க அத்தையே சொல்லுது. இன்னைக்கு ஒரு வழி தெரியலன்னா நான் பிள்ளையோட எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

இசக்கியப்பன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"அழுத்தினீங்க" என்றார் ரெஜினா, குலசேகரனிடம். "தொட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

ரெஜினா கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து அவரிடம் நீட்டினார்.

குலசேகரன் சட்டையை விலக்கி, அக்கித் தழும்பின் மேல் பஞ்சை லேசாக ஓட்டினார்.

"யம்மா!"

இசக்கியப்பன் சுவர்வரை போய் முட்டிக்கொண்டு நின்றார்.

செண்பகம் பஞ்சையே பார்த்தாள். "இதுக்கா?"

"அழுத்தினாத் தாங்கிக்குவேன், லேசா உரசினாத்தான் தீக்கங்கு வச்ச மாதிரி எரியும். தையல் உரசக்கூடாதுன்னுதான் திருப்பிப் போட்டேன். பிள்ள விரல் பட்டா…"

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"துணி பட்டு வலிக்குதுன்னா நீ சிரிச்சிருக்க மாட்ட?"



குலசேகரன் அந்தச் சட்டையைத் தானே கழற்றி, திருப்பி, பதமாக மாட்டிவிட்டார்.

ரெஜினா மாத்திரை எழுதினார். "முதல்ல தூக்கமா வரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

"வலி முழுசாப் போயிருமாம்மா?"

"போகும்னு சொல்ல மாட்டேன். பாதி குறைஞ்சா முதல்ல என்ன செய்வீங்க?"

இசக்கியப்பன் குழந்தையைப் பார்த்தார்.

"அப்ப அதுக்குத்தான் இந்த மருந்து."

மழைக்காலம் முடிந்து அவர்கள் மறுபடி வந்தார்கள். சட்டைத் தையல் இப்போதும் வெளியேதான் தெரிந்தது. குலசேகரனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"வலி எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

அவர் ரெஜினாவிடம் திரும்பினார். "மருந்து கேட்கல மேடம். மாத்திடலாமா?"

"முதல்ல அவர்கிட்டேருந்து குழந்தையை வாங்குங்க. பரிசோதிக்கணும்."

குலசேகரன் கைகளை நீட்டினார். குழந்தை முகத்தைத் திருப்பி, அப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"வர மாட்டேங்குறா மேடம்."

"அப்ப அதே மாத்திரை" என்றார் ரெஜினா. "அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."