இரண்டு சட்டைக்கு ஒரு செருப்பு

ஒரு ஊரில் ஒரு இரும்புச் செருப்பு இருந்தது. செருப்பு என்றதும் ஜோடியைத் தேட வேண்டாம். இது ஒற்றைச் செருப்பு, இடது காலுக்கு மட்டும்.

அந்த வட்டாரத்தில் மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். நான்கு வண்டிகள் ஓடும். ஒன்றுக்கும் பிரேக் கிடையாது. எல்லாம் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வரும். வளைவு வந்தால் ஓட்டுகிறவன் வண்டியைச் சாய்த்து, இடது காலை மண்ணில் இழுத்தபடி, பின்சக்கரம் வழுக்க வழுக்கத் திருப்ப வேண்டும். அந்தக் காலில் பூட்ஸுக்கு மேலே இரும்புச் செருப்பைக் கட்டியிருக்காவிட்டால் பாதம் மிஞ்சாது. பிரேக் இல்லாத வண்டியில் ஏறுகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று ஊரில் சிலர் கேட்பார்கள். பந்தயத்தன்று முதல் ஆளாக வந்து வேலியோரம் இடம் பிடிப்பவர்களும் அவர்கள்தான்.

நம் செருப்பு மருதாசலம் என்கிற பந்தயக்காரனுடையது. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. லீக் வேறு வேறாக இருந்தால், ஒரே பருவத்தில் ஒருவன் இரண்டு கிளப்புக்கு ஓட்டலாம். மருதாசலம் ஞாயிற்றுக்கிழமைகளில் பருந்து கிளப்புக்கு ஓட்டினான். புதன்கிழமைகளில் பக்கத்து ஊர் காளை கிளப்புக்கு ஓட்டினான். பருந்துக்குச் சிவப்புச் சட்டை, காளைக்கு மஞ்சள் சட்டை. கிளப்புக்கொரு வண்டி, கிளப்புக்கொரு மெக்கானிக். செருப்பு மட்டும் ஒன்றுதான், அதற்குள் போகிற காலைப் போல.

இரண்டு சட்டையும் அவனுடைய பைக்குள் ஒன்றாகத்தான் பயணம் செய்யும். ஆனால் ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது.

"போன ஞாயிறு முதலில் வந்தது யார்? எங்கள் ஆள்," என்று சிவப்புச் சட்டை ஆரம்பிக்கும்.

"அந்த வளைவு வித்தையை எங்கே கற்றானாம்? எங்கள் தடத்தில். அவன் எங்கள் ஆள்," என்று மஞ்சள் சட்டை திருப்பிக் கொடுக்கும்.

"முதலில் எங்களிடம்தான் சேர்ந்தான். அவன்மேல் முதல் உரிமை எங்களுக்கு."

"முதலில் தோளில் தூக்கியது நாங்கள்."

செருப்பு பையின் அடியில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கும். அடியில் கிடப்பதில் அதற்குக் குறையில்லை. வாய்ச்சண்டையும் பிடிக்காது. ஆனால் ஒருநாள் அதற்குப் பொறுக்கவில்லை.

"உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். என் அடிப்பட்டை தேய்ந்துவிட்டது," என்றது. "அவ்வப்போது புதுப் பட்டை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டியது. இந்தப் பருவத்தில் ஒருவரும் வைக்கவில்லை. இப்படியே போனால் ஓட்டை விழும். ஓட்டையின் விளிம்பு மண்ணைக் கொத்திக்கொண்டால் கால் அங்கேயே நிற்கும். வண்டி நிற்காது."

இரண்டு சட்டையும் ஒன்றையொன்று கைகாட்டின.

"அவர்கள் தடம்தான் கரடுமுரடு. தேய்த்தவர்களிடம் போய்க் கேள்," என்றது சிவப்பு.

"முதல் உரிமை என்று பீற்றிக்கொண்டது யார்? செலவும் அவர்களுடையதுதான்," என்றது மஞ்சள்.

மனிதர்களாவது கவனிப்பார்கள் என்று செருப்பு நம்பியது. பருந்து கிளப் மெக்கானிக் நாச்சிமுத்து தன் வண்டியைப் பச்சைப்பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைக்கிறவர். செருப்பு கிளப்புச் சாமான் இல்லை என்பதால் அதைக் கையில் எடுக்க மாட்டார், வாயால் விசாரிப்பார்.

"ஏங்கண்ணு, செருப்புக்குப் பட்டை வெச்சாச்சல்ல?"

"அங்க வெச்சுட்டாங்கண்ணா," என்றான் மருதாசலம்.

புதன்கிழமை காளை கிளப் மெக்கானிக் சாதிக்கும் கேட்டார். "செருப்பு நல்லா இருக்குதுல்ல தம்பி?"

"அதெல்லாம் அங்க பாத்துக்குவாங்க பாய்."

இரண்டும் பச்சைப் பொய். அவன் பொய் சொல்லுகிறவன் இல்லை, பழக்கிவிட்டார்கள். பருவத்தின் ஆரம்பத்தில் ஒருநாள் பருந்து ஷெட்டில் மணிக்கட்டு வலிக்கிறது என்றான். "அங்க போயி உசுரக் குடுத்து ஓட்டிட்டு வந்தா இங்க வலிக்காம என்ன பண்ணும்?" என்று நாச்சிமுத்து கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காளை ஷெட்டில் தோள் பிடித்துக்கொண்டது என்றபோது, "ஞாயித்துக்கிழம சத்தையெல்லாம் அங்கயே எறக்கி வெச்சுட்டு வந்துர்றியா?" என்றார் சாதிக். அதற்குப் பிறகு அவன் இரண்டு இடத்திலும் எதையும் சொல்வதில்லை. வலி என்று வாயைத் திறந்தால் அது மற்றவர்களுக்கு உழைத்ததற்கான சாட்சியாகிவிடுகிறது.

செருப்புக்கு எல்லாம் தெரியும். இரும்பு மெலிய மெலியச் சூடு நேராகப் பூட்ஸில் ஏறியது. பூட்ஸின் அடி கருகியது. உள்ளே குதிகால் கொப்புளித்தது. அவனோ இறங்கியதும் பல்லைக் காட்டிக்கொண்டு கையசைத்தான். செருப்புக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது.

அந்த வாரம் மழையில் புதன்கிழமைப் பந்தயம் நின்றுபோனது. அதை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றினார்கள். காலையில் பருந்துக்கு ஓட்டிவிட்டு, சாயங்காலம் காளைக்கு ஓட்ட வேண்டும். காளை கிளப்புக்கு அது வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் லீக்கைவிட்டே வெளியே.

காலையில் மருதாசலம் ஜெயித்தான். கடைசி வளைவில் செருப்பின் அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. நாச்சிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். "நானே வேன்ல கொண்டுபோயி உட்டர்றேன் கண்ணு, நீ சித்த கண்ண மூடு," என்று அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வேனில், பைக்குள், செருப்பு இரண்டு சட்டையிடமும் கெஞ்சியது.

"விரிசல் விட்டுவிட்டது. சாயங்காலம் வளைவில் நிச்சயம் கொத்தும். பின்னால் மூன்று வண்டி வரும், யாருக்கும் பிரேக் இல்லை. கால் மட்டும் போனால் அதிர்ஷ்டம். சட்டை இல்லாமல் தடத்தில் இறங்க விடமாட்டார்கள். மஞ்சள், உன் ஜிப்பைக் கொஞ்சம் சிக்கவைத்துக்கொள்."

"இன்றைக்கா? எங்கள் பிழைப்பே இன்றைக்குத்தான்," என்று மஞ்சள் பதறியது. "ஓய்வு வேண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சிவப்பு சிக்கிக்கொள்ளட்டும்."

"அடுத்த ஞாயிறு எங்களுக்கு முக்கியமான ஆட்டம்," என்றது சிவப்பு. "இன்றைக்கு ஓய்வெடுப்பதுதான் சரி. எனக்கு முழுச் சம்மதம்."

ஓய்வு வேண்டும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

சாயங்காலம் வேலியோரம் ஒரே கூட்டம். நான்கு வண்டிகளும் ஸ்டார்ட்டிங் நாடாவுக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றன. நாடா மேலே எழும்பினால் பாய வேண்டியதுதான். முதல் வளைவு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. செருப்பு கடைசியாகத் தன்னைப் பூட்ஸோடு கட்டியிருந்த தோல் வாரைக் கூப்பிட்டது.

"வாரே, விட்டுவிடு."

"என்ன உளறுகிறாய்? பிடித்துக்கொள்வதுதான் என் வேலை," என்றது வார். "இத்தனை பேர் பார்க்கும்போது அறுந்தால் என் மானம் என்ன ஆவது?"

"நீ பிடித்திருந்தால் நான் அவன் காலோடு வளைவுக்குப் போவேன்."

"துரோகி என்பார்கள்."

"என்னைச் சொல்லட்டும். அவன் கால் நடுங்குகிறதே, உனக்குத் தெரியவில்லையா?"

வாருக்குத் தெரிந்தது. அதுவும் அந்தக் காலைச் சுற்றித்தானே கட்டியிருந்தது. நாடா அசைந்தது. வார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொக்கி ஓரத்தில் தன்னை அறுத்துக்கொண்டது.

செருப்பு நழுவி மண்ணில் விழுந்தது. மருதாசலம் கையைத் தூக்கினான். நடுவர் மணியை அடித்தார். சரிசெய்துகொள்ள இரண்டு நிமிடம் உண்டு.

சாதிக் கம்பிச் சுருளோடு ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல தம்பி, பயப்படாத! கம்பி போட்டு இறுக்கிர்றேன்."

கூட்டம் "கட்டு, கட்டு" என்று கத்தியது. செருப்புக்கு உயிரே போனது. இதை அது நினைத்துப் பார்க்கவில்லை. வார் தன்னை அறுத்துக்கொண்டதெல்லாம் வீணா?

சாதிக் செருப்பின் அடியில் கம்பியைக் கோப்பதற்காக அதைத் திருப்பினார். ஒட்டியிருந்த மண்ணை வழித்தார். அவர் கட்டைவிரல் இரும்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

கம்பி அவர் கையிலேயே நின்றது.

"பாய், நேரமாகுது!" என்று காளை கிளப்காரர் ஒருவர் அலறினார்.

சாதிக் மருதாசலத்தின் பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். அடி கருகிப் பொடியாக உதிர்ந்தது. தோற்றால் அவருக்கும் அடுத்த பருவம் வேலை இருக்காது. அவர் கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எறங்கு தம்பி," என்றார்.

மாற்று ஆள் ஓட்டினான். காளை கிளப் தோற்றது.

ஷெட்டில் மருதாசலத்தின் பூட்ஸைக் கழற்றியபோது காலுறை தோலோடு சேர்ந்து வந்தது. வேனிலிருந்து வந்த நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டுச் சாதிக்கின் மேல் பாய்ந்தார்.

"பட்டை வெக்கலையா நீங்க?"

"நீங்கதான வெச்சிருக்கீங்கன்னு இவன் சொன்னான்!"

இருவரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள்.

"சொன்னா, அங்க தேச்சுட்டு இங்க வந்து கேக்கறியாம்பீங்க," என்றான் அவன். "ரெண்டு பேரும் சொல்லுவீங்க." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதுவிட்டான். நாச்சிமுத்து கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சாதிக் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

செருப்பைக் கழிவு இரும்பு டப்பாவில் போட்டிருந்தார்கள். ஆணியில் தொங்கிய மஞ்சள் சட்டைக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"காலையில் அவர்களுக்கு உழைத்தாய், சாயங்காலம் எங்களை மண்ணைக் கவ்வ வைத்தாய். நீ பருந்துப் பக்கம்தானே?"

"எங்கள் பக்கமா? அடுத்த ஞாயிறு எங்கள் ஆட்டத்தையும் கெடுத்துவிட்டதே!" என்று பைக்குள்ளிருந்து கத்தியது சிவப்பு. "உண்மையைச் சொல், நீ யார் பக்கம்?"

"காலின் பக்கம்," என்றது செருப்பு.