மன்னருக்கு முளைத்த வால்

இடது கை தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை சும்மாதானே இருக்கிறது, அதனால் இந்தக் கதை.

தாழைக்கோட்டையை ஆண்ட மகுடநம்பி மன்னர் ஒரு புத்தகம் எழுதினார். வேறென்ன, தன் வீரப் பிரதாபம்தான். மன்னரிடம் வீரம் நிறைய உண்டு. லகரமும் ளகரமும்தான் தகராறு.

அந்தச் சபையில் கோதை என்று ஒரு அம்மாள் இருந்தார். யார் எது எழுதினாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பிழை திருத்தி, வளவளப்பை வெட்டி, ஒழுங்காகக் கோத்துத் தருவார். கொண்டல் புலவருக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகாது. புலவர் பாட்டில் பாதியைக் கோதை ஒருமுறை வெட்டிவிட்டார். மீதிப் பாதியைத்தான் ஊரே பாடுகிறது. கோபம் வராதா?

"மன்னா, இந்த அம்மாள் பிழை பார்த்தே பிழைக்கிறவர். உங்கள் எழுத்திலும் பிழை சொல்வார் பாருங்கள்" என்று ஏற்றிவிட்டார்.

மன்னருக்கு மீசை துடித்தது. "கோதை! அடுத்த வாரம் பக்கத்து நாட்டுத் தூதர்கள் முன்னால் என் புத்தகம் அரங்கேறப் போகிறது. நீ படித்துப் பார். பிழை என்று சொன்னால் உன் நாக்கு போகும். நீ பார்த்த பிறகும் தூதர்களில் யாராவது சிரித்தால் உன் தலை போகும்."

"எது போனாலும் மிச்சத்தோடு வருகிறேன் மன்னா" என்று ஏட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு போனார் கோதை.

முதல் ஏட்டிலேயே நின்றுவிட்டார். மன்னர் இப்படி எழுதியிருந்தார்: 'காட்டில் ஒரு புளி என்மேல் பாய்ந்தது. நான் வாலைச் சுழற்றினேன். புளி இரண்டாகப் பிளந்தது.'

சொன்னால் நாக்கு. சொல்லாவிட்டால் தலை. கோதை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஓவியருக்கு ஆள் அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துச் சபையில் பெரிய திரைச்சீலை ஒன்று விரிந்தது. "தூதர்கள் பார்க்க ஒரு படம் மன்னா. நீங்கள் எழுதியபடியே."

படத்தில் மகுடம் வைத்த மன்னர். அவருக்குப் பின்னால் நீளமாக ஒரு வால். அந்த வால் பட்டு ஒரு புளியம்பழம் இரண்டாகப் பிளந்து, கொட்டை சிதறிக் கிடந்தது.

தளபதிக்கு இருமல் வந்தது. மந்திரி குனிந்து தரையில் எதையோ தேடினார்.

"எனக்கு ஏது வால்?" என்று மன்னர் கத்தினார்.

"எனக்கென்ன தெரியும் மன்னா? புத்தகத்தில் இருந்தது. வாசியுங்கள் புலவரே."

புலவர் வாசித்தார். 'புளி' வந்தபோதே மன்னரை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இதில் பிழை இருக்கிறதா புலவரே?"

புலவர் தன் நாக்கை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். "சேச்சே! ஓர் எழுத்துகூடப் பிழையில்லை!"

"கேட்டீர்களா மன்னா? புத்தகம் சரியாக இருக்கிறது. அப்படியானால் உங்கள் உடம்பில்தான் ஏதோ குறைகிறது." கோதை கை தட்டினார். முழக்கோலோடு தச்சர் உள்ளே வந்தார். "நல்ல பலாமரம் வைத்திருக்கிறார். கொஞ்சம் திரும்பி நின்றால் அளவு எடுத்துக்கொள்வார். மன்னர் எழுதியதைத் திருத்துவதா, மன்னரையே திருத்துவதா? உத்தரவு போடுங்கள்."

மன்னர் இரண்டு கையாலும் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், மகுடமே சரிந்துவிட்டது. "புத்தகத்தையே திருத்து தாயே!"

நாக்கு ஆணை, தலை ஆணை, இரண்டும் அங்கேயே ரத்து. ல, ள மாற்றியதோடு கோதை விடவில்லை. குதிரைக்குக் கொள்ளு வைத்ததை மன்னர் ஏடு ஏடாக எழுதியிருந்தார், அதை ஒரே வரியாக்கினார். அரங்கேற்றத்தன்று புலி பாய்ந்த இடத்தில் தூதர்கள் ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார்களாம். மன்னர் தன் தங்க எழுத்தாணியைக் கோதைக்கே கொடுத்துவிட்டார்.

அது சரி, வந்த தச்சர் வெறுமனே போகக் கூடாதென்று மன்னர் அன்றைக்குப் புலவரைத் திரும்பி நிற்கச் சொன்னாராம். அப்போது புலவர் எடுத்த ஓட்டம் இருக்கிறதே, மேல்துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், வாசல் காவலாளி அவரைப் பிடித்து... இதோ வந்துட்டேன் அத்தே, காவலாளி என்ன கேட்டானென்றால், "ஏன் புலவரே, உங்களுக்கும் வால்..." ஐயோ, தூளியில் அழுகை, மீதி அப்புறம்!