ஐந்தாவது கார்க்

அந்த வண்டி ஐந்தாம் முறையாகப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டபோது ஜெனோவா காலைத் தேநீரைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

"சொல்லாதீங்க சார்," என்றாள்.

"ஒழுகுது அக்கா," என்றார் வைரக்கண்ணு.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு முப்பத்து நான்கு. பொன்மலையில் இருந்த அவளுடைய பட்டறையில் வேலை கற்க வருகிறவர் யாரானாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். வைரக்கண்ணு விதிகளை மதிப்பவர். தீயணைப்புத் துறையில் முப்பத்தாறு வருடம் இருந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவர். சேர்ந்த முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டார். கூச்சப்பட்டது அவள்தான்.

வண்டி அவரைவிட மூத்தது. கடல் கடந்து வந்த இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்.

"முப்பத்தாறு வருஷமா எங்க தீப்பிடிச்சுதோ அங்க மட்டும்தான் போயிருக்கேன். இனிமே எதுவும் எரியாத இடமாப் பார்த்துப் போகணும்," என்று சொல்லித்தான் அதை வாங்கினார். வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை வீட்டிலிருந்து பட்டறைக்கும் பட்டறையிலிருந்து வீட்டுக்கும் போயிருக்கிறார்.

காரணம், பெட்ரோல் டேப். பித்தளைக் குழாய்க்குள் ஒரு தண்டு. தண்டின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு கார்க் வளையம். தண்டைத் தள்ளினால் அடைக்கும், இழுத்தால் திறக்கும். அடைத்த பிறகும் சொட்டியது. ஜெனோவா நான்கு முறை புதுக் கார்க் போட்டுக் கொடுத்துவிட்டாள். பட்டறையில் ஓரிரவு நிறுத்திச் சோதித்தால் ஒரு சொட்டு விழாது. வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் விழும்.

"வீட்டுல என்ன சொல்றாங்க?" என்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலையில தரையில ஒரு சொட்டு கிடந்தாலும் மச்சினன் கருணாகரன் வேன் கொண்டாந்து வண்டியை ஏத்திட்டுப் போயிடுவானாம். என் சம்சாரம் திலகவதி தீர்ப்பே எழுதிட்டா. வீடு முழுக்கப் பெட்ரோல் நாத்தம்னு."

"உங்க மச்சினருக்கு எதுக்கு இந்த வண்டி?"

"ஹோட்டல் வாசல்ல நிறுத்தி வைப்பானாம். பார்க்க அழகா இருக்குமாம்."

ஜெனோவா தம்ளரைக் கீழே வைத்தாள்.

வைரக்கண்ணு தன் குறிப்பேட்டைத் திறந்தார். அதில் சொட்டுதலுக்கும் ஒழுகுதலுக்கும் கசிதலுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தது. "செஞ்சு பார்த்ததைப் படிக்கிறேன். நட்டை இறுக்கினேன். குழாய் மரையில சுத்துற வெள்ளை நாடாவைச் சுத்தினேன். பசை போட்டேன். துணி சோப்பைக் குழைச்சு..."

"சோப்பா?"

"இணையத்துல ஒருத்தர் சொன்னார்."

"சார், அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு நாள் ஆச்சு. இப்ப சோப்பு வேறயா?"

"கோபப்படாதீங்க அக்கா. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அதே டேப், அதே கார்க். உங்ககிட்ட இருந்தா ஒழுகல. என்கிட்ட வந்தா ஒழுகுது. ஏன்?"

அவள் அவருடைய குறிப்பேட்டை எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

இதற்காகவே பிறந்தவர்போல அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஆறரை மணி, வண்டியை நிறுத்துதல். ஆறு முப்பத்தைந்து, டேங்கிலுள்ள பெட்ரோல் முழுவதையும் கேனில் இறக்குதல். ஆறு ஐம்பது, கேனைப் புறக்கடையில், சுவரிலிருந்து ஆறடி தள்ளி..."

"நில்லுங்க. முழுவதையும்?"

"கடைசிச் சொட்டு வரைக்கும். காலையில திரும்ப ஊத்திடுவேன்."

"தினமுமா?"

"ராத்திரி வீட்டுல பெட்ரோல் இருக்கலாமா அக்கா? நான் என்னென்ன பார்த்திருக்கேன் தெரியுமா?"

"மூணு மாசமா இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"பல் தேய்க்கிறதையும்தான் சொல்லல," என்றார் வைரக்கண்ணு.

ஜெனோவா எழுந்தாள். டேப்பைக் கழற்றினாள். தண்டிலிருந்த கார்க் வளையத்தை எடுத்துப் பித்தளைக் குழாயின் ஒரு வாயில் போட்டாள். அது மறு வாய் வழியாக அவருடைய உள்ளங்கையில் வந்து விழுந்தது.

"சின்னதா இருக்கே," என்றார்.

"போன வாரம் சுத்தியலால தட்டி உள்ள இறக்கினேன்."

அவர் புதுக் கார்க் இருக்கும் டப்பாவை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. சுருங்கிய அதே கார்க்கைத் தண்டில் மாட்டினாள். டேப்பைப் பொருத்தினாள். வண்டியை வெளியே காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளிப்போய் டேங்கை நிரப்பினாள். டேப்பை அடைத்தாள். அடியில் ஒரு தட்டு. எதிரே ஒரு முக்காலி.

டேப் சொட்டத் தொடங்கியது.

"உட்காருங்க," என்றாள்.

"அக்கா, சொட்டுது."

"பார்த்துக்கிட்டே இருங்க."

அவர் கை தானாகக் கேனை நோக்கிப் போனது. "கையை எடுங்க," என்றாள். எடுத்தார். மறுபடி போனது.

"அக்கா, இது பெட்ரோல்."

"தெரியும்."

"இதோட ஆவி தரையோட தவழ்ந்து எவ்வளவு தூரம்..."

"தெரியும் சார். அதுக்குத்தான் வெல்டிங்கை நிறுத்தியிருக்கேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உட்காருங்க."

வைரக்கண்ணு தன் கைகள் மேலேயே உட்கார்ந்தார். எரிகிற கிடங்குக்குள் இரண்டு முறை நுழைந்தவர் அவர். அன்றுகூட இவ்வளவு வியர்த்ததில்லை.

"நிமிஷத்துக்கு இருபத்திரண்டு," என்றார் சிறிது நேரம் கழித்து.

அவள் வேறொரு வண்டியின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"குறிச்சுக்க முடியல அக்கா. கையை எடுக்கலாமா?"

"கூடாது."

பதினொரு மணிக்குப் பதினாறு ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு ஏழு. ஒரு மணிக்கு ஒரு சொட்டு திரண்டு, டேப்பின் நுனியில் தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சொட்டு விழவில்லை. அதற்குப் பின் இன்னொன்று வரவும் இல்லை.

அரை மணி நேரம் கழித்து அவர் குனிந்து டேப்பின் நுனியைப் பார்த்தார்.

"நனைஞ்சதும் கார்க் உப்பிடுச்சு."

"ம்."

"காய்ஞ்சா சுருங்குது."

"ம்."

"அப்ப, தினமும் சாயங்காலம் அதைக் காய வச்சது..."

"சாப்பிடப் போங்க சார். மணி ஒண்ணரை."

"ராத்திரி டேங்க் நிறைய இருக்கும். எனக்குத் தூக்கம் வராது அக்கா."

"வராட்டி வண்டிகிட்டப் போய் உட்காருங்க. கை எங்க இருக்கணும்னு தெரியுமில்ல?"

மறுநாள் காலை ஆறேகாலுக்கு அவளுடைய கைப்பேசி ஒலித்தது. அவள் அலுப்போடு எடுத்தாள்.

"அக்கா, ஒரு சொட்டு இல்ல. கருணாகரன் வேனோட வந்துட்டான். தரையில மண்டி போட்டு மோந்து பார்த்துக்கிட்டு இருக்கான்."

"உங்க வீட்டம்மா?"

"அவனுக்குக் காபி போட்டுட்டா. குடிச்சிட்டுக் கிளம்பச் சொல்லிட்டா."

"அப்புறம் என்ன சார்?"

"நான் இன்னும் கை மேலதான் உட்கார்ந்திருக்கேன். இது ஸ்பீக்கர்ல இருக்கு, திலகவதிதான் போட்டுக் கொடுத்தா. எழுந்திரிக்கலாமா?"

"எழுந்திரிங்க."

மறுமுனையில் முக்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜெனோவா அழைப்பைத் துண்டிக்கப்போனாள்.

"அக்கா."

"சொல்லாதீங்க சார்."

"ஒழுகல. அது இல்ல. எங்க போறதுன்னு தெரியல."

"டேங்க் நிறைய இருக்குல்ல?" என்றாள் ஜெனோவா. "போங்க."