ஆறு திருகாணி, இரண்டு தூண்

பெரம்பூர் வட்டாரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் பழுதுபார்ப்பதில் நோரீனை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். அவருக்கு வயது முப்பத்திரண்டு. சனிக்கிழமைதோறும் அவரிடம் வேலை கற்க வரும் சீடர் துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தாறு. ரயில் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருட ஃபிட்டர். சீடர் குருவை மிஸ் என்பார். குரு சீடரை சார் என்பார். இருவருக்கும் அது உறுத்தவில்லை.

எட்டு மாதமாகத் துரைக்கண்ணு ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டாருக்குப் பழைய வகை பிரிட்ஜ் நல்லதா, புதிய வகை நல்லதா? நோரீன் ஒவ்வொரு முறையும் பதிலுக்கு டீ சொன்னார்.

கேள்விக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. தந்திகளின் ஒரு முனை போய் உட்காரும் உலோகத் தகடுதான் பிரிட்ஜ். சில கிட்டார்களில் அதிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியை அழுத்தினால் தகடு சாயும், தந்திகள் தளரும், சுருதி இறங்கும். விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் தகட்டை இழுத்து நிமிர்த்தும், சுருதி பழைய இடத்துக்கு ஏறி வரும். இதற்கு ட்ரெமோலோ என்று பெயர். உண்மையில் ட்ரெமோலோ என்பது ஒலியின் அளவு நடுங்குவது. இங்கே நடுங்குவது சுருதி. பெயர் வைத்தவர் தவறிவிட்டார். எழுபது வருடமாக யாரும் திருத்தவில்லை, இங்கும் திருத்தப்போவதில்லை.

பழைய வகையில் தகட்டை ஆறு திருகாணிகள் மரத்தோடு சேர்த்து வைத்திருக்கும். புதிய வகையில் தகட்டின் கூரிய விளிம்பு இரண்டு சிறு தூண்களின் பள்ளத்தில் சாய்ந்து நிற்கும். எது உயர்ந்தது என்று வாதிட்டு, ஒரே குழுவில் வாசிப்பவர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு.

அன்று காலை துரைக்கண்ணு தன் கிட்டாரோடு ஒரு புது அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் இரண்டு தூண் பிரிட்ஜ் இருந்தது. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

நோரீன் விசாரித்ததும் எல்லாவற்றையும் சொன்னார். முந்தின வாரம் தன் மெல்லிசைக் குழுவோடு ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்தபோது கம்பியை அழுத்திவிட்டிருக்கிறார். சுருதி முக்கால் தூரம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. பாடகி சரணத்தைச் சரியான இடத்தில் எடுத்தார். கிட்டாரின் சுருதி அவருக்குக் கீழே கிடந்தது. பாடகி திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சங்கீதமே தெரியாது.

இப்போது விடிந்தால் இசைக்குழுப் போட்டி. கடைசிப் பாட்டின் இடையிசையில் கிட்டாருக்கு ஒரு நீண்ட ஒற்றைச் சுரம் உண்டு. அது கீழே இறங்கி, மேலே வந்து நிற்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பாடகி சரணம் எடுப்பார். இருபத்திரண்டு வருடமாக அந்த இடம் துரைக்கண்ணுவுடையது. குழுத் தலைவர் ஜெயசீலன் இப்போது அதைக் கீபோர்டுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். கீபோர்டின் ஓரத்தில் சுருதியை இறக்கி ஏற்ற ஒரு சக்கரம் இருக்கிறது. விட்டால் தானாகத் திரும்பிவிடும். கிட்டாரைச் சரிசெய்துகொண்டு வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஜெயசீலன் அன்பாகவே சொல்லியிருந்தார்.

"ஒரு சக்கரத்துக்கு எழுந்து இடம் விடணுமாம் மிஸ்," என்றார் துரைக்கண்ணு. "பழசைக் கழட்டிடலாம். துளை போட்டு இதை மாட்டிக் குடுங்க."

"போட்ட துளை போட்டதுதான் சார். எதுக்குப் புதுசு?"

துரைக்கண்ணு இதற்காகவே காத்திருந்தவர் போல் ஆரம்பித்தார். ஆறு இடத்தில் உராய்வதைவிட இரண்டு இடத்தில் உராய்வது குறைவு. பழையதில் தந்தி தாங்கிகள் வளைத்த தகடு, ஒலி மணி போல் இருக்கும், ஆனால் கை பட்டால் நகரும். புதியதில் அவை கட்டியான உலோகம், அசையாது. பழையது கீழே மட்டும் சாயும், புதியது மிதக்கும், மேலேயும் இழுக்கலாம். பழையதையும் மிதக்கவிட முடியும் என்று சொல்ல நோரீன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

பேச்சு முடிந்ததும் சுவரில் ஆணியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார்.

"முதல்ல இதைப் பாருங்க சார். பேப்பரைக்கூட மெல்லுது, வெட்ட மாட்டேங்குது."

இருபத்திரண்டு வருடம் பறிபோகிற நேரத்தில் கத்தரிக்கோலா என்று துரைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் பழுதான ஒன்று கையில் வந்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியாது. நடுத் திருகாணி தளர்ந்திருந்தது. திருப்புளியை எடுத்து முழுக்க இறுக்கினார். பிறகு கால் சுற்று பின்னால் திருப்பினார். ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்தார். சுத்தமாக வெட்டியது.

"இறுக்கிட்டு ஏன் திருப்பித் தளர்த்தினீங்க?" என்றார் நோரீன்.

"இறுக்கி விட்டா எப்படி மிஸ் வாய் திறக்கும்?" குருவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று துரைக்கண்ணுவுக்கு ஒரு சின்ன சந்தோஷம். "ஸ்க்ரூவுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு பிடிக்கிற ஸ்க்ரூ. இன்னொண்ணு ஆட விடுற ஸ்க்ரூ. இது ஆட விடுறது."

நோரீன் தலையசைத்தார். துரைக்கண்ணுவின் கிட்டாரை எடுத்து அவர் முன்னால் மேஜையில் படுக்கவைத்தார்.

ஆறு திருகாணிகளின் தலைகளும் தகட்டோடு தகடாகப் பதிந்திருந்தன. வாராவாரம் திருப்புளி பட்டுப் பட்டு வெள்ளியாக மின்னின.

துரைக்கண்ணு ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கச்சேரிக்குப் போறதுக்கு முன்னாடி ஆறையும் இறுக்கிட்டுத்தான் போவேன் மிஸ்."

"தெரியும்."

"ரயில் பெட்டியில ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தா..."

துரைக்கண்ணு கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தந்திகளைத் தளர்த்திவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தார். நோரீன் இரண்டு டீ சொன்னார்.

ஆறையும் தளர்த்தினார். தலை தகட்டைத் தொடும்வரை ஒவ்வொன்றாக இறக்கி, கால் சுற்று பின்னால் திருப்பினார். நடுவிலுள்ள நான்கையும் இன்னும் அரைச் சுற்று உயர்த்தினார், தகடு ஓரத்து இரண்டின் மேல் மட்டும் ஆடட்டும் என்று. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தந்திகளை ஏற்றிச் சுருதி சேர்த்தார். கம்பியை அழுத்தினார். தந்திகள் தொளதொளத்துக் கிடந்தன. விட்டார். சுருதி வந்து நின்றது. பத்து முறை செய்தார். பதினோராவது முறை கண்ணை மூடிக்கொண்டு செய்தார்.

அட்டைப்பெட்டி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"அப்போ பழசுதான் நல்லதா மிஸ்?"

"போய் வாசிச்சுட்டு வந்து கேளுங்க சார்," என்றார் நோரீன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அவர்கள் குழுவின் முறை வந்தது. ஜெயசீலன் ஜாக்கிரதைக்காரர். துரைக்கண்ணுவுக்கு இடம் கொடுத்தார், கீபோர்டுக்காரரையும் சக்கரத்தின் மேல் விரலை வைத்திருக்கச் சொன்னார். கடைசிப் பாட்டின் இடையிசை வந்தது. துரைக்கண்ணு அந்த ஒற்றைச் சுரத்தை மீட்டினார். கம்பியை அழுத்தினார். அரங்கின் தரையே கீழிறங்குவது போல் அது இறங்கிப் போனது. இன்னும் இறங்கியது. போன இடத்திலிருந்து இனி வராது என்று ஜெயசீலன் கீபோர்டுக்காரரைப் பார்த்த நொடியில், துரைக்கண்ணு கையை முழுசாக எடுத்துவிட்டார்.

சுரம் ஏறியது. வந்தது. நின்றது. ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. பாடகி அதன் மேல் கால் வைத்து ஏறுவது போலச் சரணத்தை எடுத்தார்.

பாட்டின் நடுவில் கைதட்டக் கூடாது என்பது போட்டியின் விதி. முதலில் தட்டியது நடுவர்களில் ஒருவர். அதன் பிறகு அரங்கத்தை அடக்க முடியவில்லை. கீபோர்டுக்காரர் சக்கரத்திலிருந்து விரலை எடுத்துத் தானும் தட்டினார். பரிசுக் கோப்பை அவர்கள் குழுவுக்கே கிடைத்தது. அதை யார் தூக்கிக்கொண்டு நடப்பது என்ற பேச்சே எழவில்லை. ஜெயசீலன் துரைக்கண்ணுவின் கிட்டார் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார், கோப்பைக்கு அவருடைய இரண்டு கையும் வேண்டும் என்று.

அடுத்த சனிக்கிழமை துரைக்கண்ணு கோப்பையையும் அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தார். கோப்பையை நோரீனின் மேஜையில், டீ கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வாசிச்சுட்டேன் மிஸ். இப்போ சொல்லுங்க. பழசா, புதுசா?"

நோரீன் சுவரிலிருந்து வேறொரு கிட்டாரை இறக்கினார். பார்வைக்குப் புதியது. இரண்டு தூண் பிரிட்ஜ். வாசித்துப் பார்க்கச் சொன்னார்.

துரைக்கண்ணு கம்பியை அழுத்தி விட்டார். சுருதி முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. மறுபடியும் செய்தார். மறுபடியும் அங்கேயே நின்றது.

குனிந்து பார்த்தார். தூண்களின் தலைகள் வெள்ளியாக மின்னின. தகட்டின் கூரிய விளிம்பு மழுங்கி, பள்ளங்கள் தேய்ந்துபோயிருந்தன.

"யாரோடது மிஸ்?"

"லிஃப்ட் கம்பெனியில மெக்கானிக். முதல்ல ஆறு வச்சிருந்தாரு. ஆறையும் இறுக்கினாரு, சுருதி நிக்கல. பழசு சரியில்லைன்னு ரெண்டுக்கு மாறினாரு. இப்போ தந்தியைத் தளர்த்தாமலே இந்த ரெண்டையும் வாராவாரம் இறுக்குறாரு, விளிம்பு அரைஞ்சு போச்சு."

துரைக்கண்ணு சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பிறகு தன் அட்டைப்பெட்டியைத் திறந்து, புதிய தகட்டையும் தூண்களையும் வெளியே எடுத்து வைத்தார். திருப்புளியை அவரே எடுத்துக்கொண்டார்.

"இதுல மாட்டிடறேன் மிஸ். எப்போ வர்றாரு?"

"சாயங்காலம். நீங்கதான் அவரைப் பார்க்கணும்."

"நானா? எது நல்லதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

நோரீன் ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். அதன் நடுத் திருகாணியை இரண்டு சுற்று தளர்த்தினார். துரைக்கண்ணுவின் கையில் கொடுத்தார்.

"முதல்ல அவரை முழுசா கேட்டு முடிக்க விடுங்க சார்."