பின்னால் கேட்ட இரைச்சல்

குழந்தைவேலு தேங்காய் வாங்கினாலும் நாலு கடையில் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு போன் வாங்க வேண்டி வந்தது, அதுவும் போதாத காலத்தில்.

அவர் மனைவி தெய்வானைக்குக் குரல்வளையில் புற்று. நாளைக் காலை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் உடைத்தே சொல்லிவிட்டார். அதற்குள் அவள் பேச்சை நல்ல போன் ஒன்றில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று குழந்தைவேலு கிடந்து தவித்தார். கையிலிருந்த பழைய போனில் பதிந்தால், தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

தேதி குறித்த நாளிலிருந்து மனுஷன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதில் குரல் தெளிவாகப் பதியும் என்று ஒப்பிட்டுக் காட்டும் வீடியோக்கள். ஒருவன் ஆகா ஓகோ என்று புகழ்ந்த போனை அடுத்தவன் கிழித்துத் தொங்கவிடுவான். குழந்தைவேலு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தெய்வானை கேலி செய்தாள். "இத்தன வருசமா என் பேச்சக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சும்பீங்க. அத இப்ப போன்ல போட்டு வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

இவர் இயர்போனைக் கழற்றி, "என்ன சொன்ன?" என்றார். அவள் "ஒண்ணுமில்லீங்க" என்றுவிட்டாள்.

கடைசியில் இரண்டு போன்கள் மிஞ்சின. கருப்பு ஒன்று, நீலம் ஒன்று. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இரண்டையும் தெரிந்தவர்களிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தார். மறுநாள் அவற்றை எடுத்துக்கொண்டு, வாய்க்காலை ஒட்டியிருந்த தியான இல்லத்துக்கு வடிவம்மாவைப் பார்க்கப் போனார். வடிவம்மா இவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் குழந்தைவேலுவுக்கு அவர்தான் குரு. எந்த முடிவானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்க மாட்டார்.

"சாயங்காலம் அவள ஆஸ்பத்திரியில சேர்க்கோணுமுங்கம்மா. போற வழியிலதான் கடை. எத வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"தெய்வானை எப்படி இருக்காங்க?"

"என்னத்தச் சொல்றதுங்க. நேத்துச் சாயங்காலத்துல இருந்து வாயே தொறக்க மாட்டேங்கறா. எது கேட்டாலும் தலைய ஆட்டறதோட சரி. வலியாட்ட இருக்குதுங்க. போன் கைக்கு வந்ததும் எப்படியாவது பேச வெச்சிருவேன்."

வடிவம்மா கையை நீட்டினார். குழந்தைவேலு இரண்டு போன்களையும் எடுத்துப் பாயின் மேல் வைத்தார்.

"நேத்து ரெண்டையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒரே நேரத்துல பதிஞ்சு பார்த்தனுங்க. அப்பத்தான சரியான ஒப்பீடு."

"என்ன பேசினீங்க?"

"பேப்பர எடுத்துச் சத்தமாப் படிச்சனுங்க."

"போடுங்க, கேட்கலாம்."

முதலில் நீலம். அணையின் நீர்மட்டம், மஞ்சள் விலை என்று குழந்தைவேலுவின் குரல் கணீரென்று வந்தது. வேறு ஒரு சத்தம் இல்லை.

அடுத்தது கருப்பு. அதே அணை, அதே மஞ்சள். ஆனால் நடுவில் எங்கோ பின்னால் லேசாகக் கரகரவென்று ஏதோ கேட்டது. குழந்தைவேலு சட்டென்று போனை நிறுத்தினார்.

"பார்த்தீங்களா? இதுலதானுங்க கோளாறு. பின்னாடி இரைச்சல் வருது. நீலத்துல அந்த இரைச்சலச் சுத்தமாத் தொடச்சு எடுத்துருது. அப்ப நீலத்தையே வாங்கிரட்டுங்களா?"

வடிவம்மா கருப்புப் போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டு திரும்பவும் ஓடவிட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"நேத்து எப்பப் பதிஞ்சீங்க?"

"சாயங்காலமுங்க. வெளக்கு வெக்கற நேரம்."

"அவங்க எங்க இருந்தாங்க?"

"உள்ரூம்ல படுத்திருந்தா. கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஏனுங்கம்மா?"

வடிவம்மா சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனைக் குழந்தைவேலுவின் காதருகே பிடித்தார்.

அணையின் நீர்மட்டம். அதற்குப் பின்னால், கரகரத்து, பாதி காற்றாக ஒரு குரல்.

"ஏனுங்க..."

நீர்வரத்து எவ்வளவு என்று குழந்தைவேலு படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சித்த இங்க வந்து உக்காருங்க."

மஞ்சள் விலை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

அப்புறம் இரைச்சல் இல்லை. கடைசி வரைக்கும் குழந்தைவேலுவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

குழந்தைவேலுவுக்கு, படித்து முடித்து உள்ளே போய், காபி வேண்டுமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே தலையை ஆட்டியிருந்தாள். பிறகு பேசவே இல்லை. வலி என்று நினைத்துக்கொண்டார்.



"நான் அங்கயேதானுங்கம்மா இருந்தேன்" என்றார். "பத்தடி தூரம்கூட இல்லீங்க."

வடிவம்மா இரண்டு போன்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"மேஜை மேல ரெண்டு போன் இருந்துச்சு. முன்னாடி நீங்க இருந்தீங்க. மூணுல ஒண்ணுக்குத்தான் கேட்டிருக்குது."